மணல் பை, சைக்கிள் டியூப், அம்மாவின் முழங்கால்

திருவண்ணாமலையில் ஒரு பெண் குண்டாக இருந்தால் ஊரே சேர்ந்து சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: கிரிவலம் போ. மளிகைக் கடையில் சொல்வார்கள். ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் இடத்தைப் பிடித்துக்கொண்டாயே என்று முறைத்தபடி சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் இலைக்கு எதிரே நின்றுகொண்டு சொல்வார்கள். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால், தார் ரோடு. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த அந்தச் சமயத்தில் என் எடை எண்பத்து மூன்று கிலோ, அம்மாவின் எடை தொண்ணூற்றொன்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போதாக்குறைக்கு எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து நான்கு வீடு உள்ளே.

"மலைய வாசல்லயே வெச்சிக்கினு இப்பிடி ஒடம்ப வளத்து வெச்சிக்கீறீங்களே" என்று பக்கத்து வீட்டு அத்தை வாரம் ஒரு தடவையாவது கேட்பார். அத்தை என்று அழைத்தது மரியாதைக்கு. உறவு ஒன்றும் இல்லை.

அம்மா சுற்றாமல் இல்லை. பௌர்ணமி தவறாமல் சுற்றினாள். மறுநாள் காலையில் அவளுடைய இரண்டு முழங்காலும் டீக்கடை பன் மாதிரி உப்பியிருக்கும். கை வைத்தால் சுடும். உப்பு ஒத்தடம் கொடுத்துவிட்டு, "அடுத்த பௌர்ணமிக்குள்ள சரியாப்பூடும்" என்பாள். சரியாகாது. அவள் மறுபடியும் சுற்றுவாள்.

அம்மா பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைத்தாள். அப்பா இறந்த பிறகு கிடைத்த வேலை. பதினோரு வருடமாக அதே அடுப்பு. அந்த ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், சோறு வெந்த அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது அவளுடைய வலது முழங்கால் மடிந்துவிட்டது. எப்படியோ அண்டாவை அடுப்பின் மேலேயே திரும்ப வைத்துவிட்டாள். சோறு கொட்டவில்லை, யார் மேலும் கஞ்சி தெறிக்கவில்லை. ஆனால் சமையலுக்குப் பொறுப்பான அமைப்பாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"புள்ளைங்க மேல கொட்டியிருந்தா யார் பதில் சொல்றது? இந்த வருசம் முடியற வரைக்கும் ஓட்டு. ஜூன்ல ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு என் கண்ணு முன்னாடி அண்டாவ எறக்கிக் காட்டு. முடியலயா, வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்ல குந்து" என்றார். அவருடைய தம்பி மனைவி அந்த வேலைக்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தது ஊருக்கே தெரியும்.

என் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம் என்று நான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. "உன் கையப் பாத்துக்கினு ஒக்கார்றதுக்கா இந்தப் பதினோரு வருசம் பொகையில வெந்தேன்?" என்றாள். பிறகு வேலையை விடுவதைப் பற்றி நான் பேசவில்லை. ஜூனுக்கு நாலரை மாதம் இருந்தது. நான் ஒரு நோட்டு எடுத்தேன்.

நான் டவுனில் ஒரு லேபில் டெக்னீஷியன். இரண்டு வருட டிப்ளமோ. எனக்குக் குழப்பம் வந்தால் பட்டியல் போடுவேன். கோபம் வந்தால் கோடு போட்டுக் கட்டம் கட்டுவேன். அம்மாவை லேபுக்கு அழைத்துப்போய் நானே இரத்தம் எடுத்தேன். மூட்டு வாதத்துக்கான பரிசோதனையில் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம். ஈ.எஸ்.ஆர். மட்டும் ஐம்பத்தாறு. அது எளிய பரிசோதனை. ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை நிற்க வைத்து, சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. உடம்புக்குள் அழற்சி இருந்தால் அதிகமாக இறங்கும். அம்மாவின் இரத்தம் அவசரமாக இறங்கியது. சும்மா இருக்கட்டுமே என்று என் இரத்தத்தையும் நிற்க வைத்தேன். முப்பத்தெட்டு. இருபத்து நான்கு வயதுக்கு அது அதிகம்.

மாடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர்தான் லேபுக்கும் முதலாளி. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "எடை குறைங்க. ரெஸ்ட் எடுங்க. வெயிட் மட்டும் தூக்காதீங்க" என்றார்.

"அவங்க வேலையே வெயிட் தூக்கறதுதான் சார்" என்றேன்.

"அப்ப வேலைய மாத்திக்கச் சொல்லும்மா."

எல்லோரும் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்! நட, சுற்று, உட்கார், விடு. தூக்கு என்று மட்டும் யாருமே சொல்லவில்லை. தூக்குவதற்கு அம்மாவிடம் பலம் இல்லை என்பதுதான் பிரச்சினை என்றால், பலத்தை உண்டாக்குவதுதானே வழி? அன்று டியூட்டி முடிந்து செங்கம் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இரண்டு பக்கமும் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து தங்கள் ஊருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான், நாற்காலி கொள்ளாமல். அந்த வாரம் மூன்று தடவை போனேன். படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: உடம்பில் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அது சதா எதையாவது சுரந்து உடம்பைத் தணலில் வைத்தது போல வைத்திருக்கிறது. எடைக்கு எதிராக உழைக்கும் தசை அந்தத் தணலைக் கொஞ்சம் தணிக்கக்கூடும். சில மூலிகைகள் அதற்குத் துணை நிற்கலாம். எல்லாமே "லாம்" போட்டுத்தான் எழுதியிருந்தது. எனக்கு அது போதும். எடை குறைந்த பிறகுதான் நீ மனுஷி என்று சொல்லாத முதல் வழி அதுவாக இருந்தது.

டவுனில் இருந்த ஜிம்மில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். கேட்டுப் பார்த்தேன். அங்கே இருந்தவர் சிரித்தார். ஆகவே வீட்டிலேயே. பழைய பேன்ட்டின் கால்களை வெட்டித் தைத்து மணல் நிரப்பிப் பைகள் செய்தேன்: இரண்டு கிலோவில் இரண்டு, ஐந்து கிலோவில் இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. பிறகு அதையே பையை மார்போடு அணைத்துக்கொண்டு. காலை நீட்டி மடக்க ரப்பர் வேண்டும் என்று சைக்கிள் கடைக்குப் போனேன்.

"பழைய டியூபு ரெண்டு வேணும்ணா."

"உங்க வூட்ல சைக்கிளே கெடையாதேம்மா. டியூபு இன்னாத்துக்கு?"

"அம்மா கால்ல மாட்டறதுக்கு."

"பஞ்சர் பாத்துக் குடுக்கட்டா?" என்றார். ஆனால் காசு வாங்கவில்லை.

மூலிகைக்குத் தேரடி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. கடைக்காரப் பாய்க்கு அறுபது வயது இருக்கும். அவருடைய தாத்தா காலத்துக் கடை. நான் எழுதிக் கொண்டுபோன காகிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, நிதானமாகப் படித்தார். விரலி மஞ்சள், சுக்கு, மிளகு, குங்கிலியம். பேனாவை வாங்கிக் குங்கிலியத்தை அடித்துவிட்டார்.

"உங்கம்மாக்கு வயிறு எரிச்சல் உண்டா பேட்டி?" என்றார். கடைக்கு வரும் பெண்கள் எல்லோரும் அவருக்கு பேட்டி, அதாவது மகள்.

"உண்டு பாய்."

"அப்ப இது வேணாம். மீதிய அரைச்சித் தரேன். காலைல ஒரு சிட்டிகை, சாப்பாட்டுக்கு அப்புறம். ஜாஸ்தி போடாத. வேலியில முடக்கத்தான் கெடந்தா தோசை மாவுல அரைச்சி ஊத்து. இன்னொண்ணு கேட்டுக்கோ. மூணே நாள்ல வலி போச்சின்னு யாராவது சொன்னா அது மருந்து இல்ல. மருந்து இவ்ளோ சுருக்கா ஓடாது."

அதையும் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

வாரத்தில் நான்கு நாள், காலை ஐந்தரை மணிக்கு. அம்மா புடவையைத் தூக்கிச் செருகி, கட்டில் காலில் கட்டிய டியூபில் பாதத்தை நுழைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி உதைப்பாள். நான் பக்கத்தில் ஐந்து கிலோ பைகளோடு உட்கார்ந்து எழுந்திருப்பேன். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். முதல் வாரம் அம்மாவால் கை ஊன்றாமல் மூன்று முறைதான் எழ முடிந்தது. நான்காவது முறை பாதியில் நாற்காலியிலேயே திரும்ப விழுந்தாள். அது கிறீச்சிட்டது. ஜன்னலில் பக்கத்து வீட்டு அத்தையின் முகம்.

"தாயும் பொண்ணும் பயில்வான் ஆவப் போறீங்களா?"

"ஆமா அத்தை. மொதல்ல உங்களத் தூக்கிப் பாக்கறோம், வாங்க" என்றேன்.

"கல்யாணம் ஆவாத பொண்ணு. கைகாலு மரக்கட்டை மாதிரி ஆச்சின்னா எவன் கட்டுவான்?"

அம்மா மூச்சு இரைக்கச் சொன்னாள்: "மரக்கட்டை வேணும்னு கேக்கறவன் கட்டுவான் போக்கா."

கிரிவலம் மட்டும் வேண்டாம், ஜூன் வரைக்குமாவது விடு என்று கேட்டேன். அதற்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தோம்: முழுசாகச் சுற்ற மாட்டாள், வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

நோட்டில் கட்டங்கள் நிரம்பின. எத்தனை முறை எழுந்தாள், எத்தனை கிலோ, பொடி சாப்பிட்டாளா, முழங்கால் சுற்றளவு எவ்வளவு. டெய்லர் டேப்பால் ஞாயிறுதோறும் அளப்பேன். "வேற மருந்து ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு, "இல்ல" என்று எழுதிக்கொள்வேன். மாசி மாதம் முடியும்போது முழங்கால் வீக்கம் வடிந்திருந்தது. சூடு இல்லை. மார்ச்சில் இரத்தம் எடுத்தேன். குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது சிவப்பு கிட்டத்தட்ட வைத்த இடத்திலேயே நின்றது. பதினான்கு.

நான் ஆடவில்லை, பாடவில்லை. ஆனால் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். "வெயிட் தூக்கச் சொன்னேன் சார். தூக்கினாங்க. பாருங்க" என்றேன். குரலில் இருந்த திமிர் எனக்கே கேட்டது. அதை அடக்க எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "உன்னோடது எவ்ளோ?"

"முப்பத்திமூணு."

"ஒரே வீடு, ஒரே பயிற்சி, ஒரே பொடி. உனக்கு அஞ்சு கொறஞ்சிருக்கு. அவங்களுக்கு நாப்பத்திரெண்டு. ஸ்டீராய்டு ஏதாவது எடுக்கறாங்களா?"

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க சார்."

"பொய்னு நான் சொல்லல. ஸ்டீராய்டுன்னா வீக்கத்த அமுக்கும், சுகர ஏத்தும். சுகர் பாத்துட்டு வா."

கீழே இறங்கி வரும்போது எனக்குக் கோபம்தான். ஒரு பெண் தானே யோசித்துச் செய்தது பலித்துவிட்டால் உடனே அதில் ஒரு களவு தேடுகிறார்களே என்று. ஆனால் கை தன் வேலையைச் செய்தது. அம்மாவின் மீதி இரத்தத்தில் சர்க்கரை பார்த்தேன். ஜனவரியில் ஒழுங்காக இருந்தது. இப்போது இருநூற்றுப் பத்து.

அதன்பிறகு, கண் முன்னால் இருந்தும் நான் கட்டம் கட்டி எழுதாதவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. அம்மாவின் முகம் ஒரு மாதமாக உருண்டிருந்தது. பசி அதிகம். தூக்கம் இல்லை, மூன்று மணிக்கே எழுந்து பாத்திரம் தேய்த்தாள். சுறுசுறுப்பு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய், "பொடியைத் தவிர வாயில என்னல்லாம் போடற?" என்று கேட்டேன். மருந்து என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

"சோறு, தண்ணி. காலையில சாயந்தரம் துண்ணூறு ஒரு சிட்டிகை. இன்னாடி கேள்வி இது?"

சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், பழைய நோட்டுத் தாளில் மடித்த பொட்டலங்கள். பிரித்தேன். விபூதி மாதிரியே சாம்பல் நிறம். நாக்கில் வைத்தால் கசப்பு. தைப்பூசப் பௌர்ணமிக்குப் பாதை ஓரத்தில் காவி கட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் கொடுத்ததாம். கால் வலி என்றதும் நெற்றியில் திருநீறு இட்டு, இந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டு வாயில் போடு என்றாராம். அம்மா தட்டில் காணிக்கை போட்டாள். அதற்கு அடுத்த பௌர்ணமிக்கும் போய் வாங்கினாள். எங்கள் ஊரில் அப்படிக் கையில் வாங்குவது பிரசாதம். பிரசாதத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் நான் கேட்ட கேள்விக்கு அம்மா உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். நான் கொடுத்ததற்கெல்லாம் நோட்டில் கட்டம் இருந்தது. அவளாக எடுத்துக்கொண்டதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அதில் என்ன இருந்தது என்று சோதிக்க எங்கள் லேபில் வசதி கிடையாது. ஆகவே ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று நான் நிரூபித்ததாகச் சொல்ல மாட்டேன். டாக்டர் அம்மாவின் முகத்தையும் கணுக்காலையும் பார்த்துவிட்டு, தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, அதே மருந்தை அளவு தெரிந்த மாத்திரையாகக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். "மொதல்லயே அவங்கள நல்லா விசாரிச்சிருக்கணும். அது என் தப்பும்தான்" என்று என்னிடம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் மன்னித்தேன்.

அம்மா என்னை மன்னிக்கவில்லை.

"சாமி குடுத்தத நிறுத்திட்டு இவரு குடுக்கற மாத்திரைய முழுங்கணுமா?"

"அது சாமி குடுத்தது இல்லம்மா. அந்த ஆளு குடுத்தது."

"உன் மணல் மூட்டை பண்ணாதத அந்தத் துண்ணூறு பண்ணுச்சு. உனக்கு அது பொறுக்கல. அதான் விசயம்."

எனக்குப் பொறுக்கவில்லை என்பது உண்மை. பதினான்கு என்று எழுதிய அந்தக் கட்டத்தை நான் எவ்வளவு ஆசையாகச் சிவப்பு மையில் சுற்றியிருந்தேன்! அன்று அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இது எங்களுடையது அல்ல" என்று எழுதினேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை.

மாத்திரையின் அளவு குறையக் குறைய வலி திரும்பியது. சித்திரை வெயிலில் முழங்கால்கள் மறுபடியும் உப்பின. அம்மா டியூபைத் தொடவில்லை. காலையில் நான் மட்டும் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து உட்கார, அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பத்து நாள் போயிற்று. பள்ளி கோடை விடுமுறைக்கு மூடியிருந்தது. அமைப்பாளரின் தம்பி மனைவி எதிரே வந்தபோது, "அக்கா, ஜூன்லருந்து நீங்க ஜாலிதான்" என்று சிரித்துவிட்டுப் போனாளாம். அதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. அத்தை சொன்னார்.

அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் தெருக் குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு மணி நேரம்தான். அன்று நான் லேபுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா குழாயடியிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்தாள். முகத்தில் வலி அப்பட்டமாகத் தெரிந்தது. படியேறினாள், இரண்டையும் சிந்தாமல் இறக்கி வைத்தாள். பின்னாலேயே அத்தை.

"கால் வலின்ற, ரெண்டு கொடம் தூக்கினு வர. போன வருசம் ஒரு கொடத்துக்கே என்ன கூப்புடுவியே!"

அம்மா அப்படியே நின்றாள். குடத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். அத்தை போன பிறகு தரையில் உட்கார்ந்தாள். பிறகு சுவரையோ என்னையோ பிடிக்காமல் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தாள். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்தாள். ஆனால் எழுந்தாள்.

பொட்டலம் கொடுத்த சுகம் பொட்டலத்தோடு போய்விட்டது. கால் உதைத்துச் சேர்த்த பலம் போகவில்லை.

"அந்த டியூப எங்க வெச்ச?" என்றாள் அம்மா.

மே மாதம் முழுக்க அக்கினி வெயிலில் தூக்கினோம். இந்த முறை கட்டங்களை அம்மாவே சொல்ல நான் எழுதினேன். வாயில் போட்டது எல்லாம் எழுதப்பட்டது: இட்லி, வெற்றிலை, கோயில் சுண்டல், பாயின் பொடி, முடக்கத்தான் தோசை, டாக்டரின் மாத்திரை. வலி அதிகமான நாளில் எண்ணிக்கையைக் குறைத்தோமே தவிர பயிற்சியை விடவில்லை. அவள் ஐந்து கிலோவிலிருந்து பத்துக்குப் போனாள். நான் ஒரு பழைய கோணிப்பையில் இருபது கிலோ மணல் கட்டி, முதுகை நேராக வைத்து, இடுப்பையும் தொடையையும் கொண்டு தரையிலிருந்து தூக்கக் கற்றுக்கொண்டு, அவளுக்கும் காட்டினேன். முதல் தடவை கோணி கிழிந்து கூடம் முழுக்க மணல். அதைப் பெருக்கி வாரியதையும் உடற்பயிற்சி என்று எழுதச் சொன்னாள். எழுதினேன்.

மே கடைசியில் மாத்திரை முழுவதும் நின்று மூன்று வாரம் ஆனபோது இரத்தம் எடுத்தேன். அம்மாவுக்கு முப்பத்தேழு. எனக்கு இருபத்தாறு. சர்க்கரை இறங்கிவிட்டது. எடை? அம்மாவுக்கு நான்கு கிலோ குறைந்திருந்தது, எனக்கு மூன்று. தெருவில் யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. "இன்னும் அப்பிடியேதான் கீறீங்க" என்றார் அத்தை. இருக்கிறோம். இருந்துகொண்டே தூக்குகிறோம். அழற்சி குறைந்ததில் மணலின் பங்கு எவ்வளவு, மஞ்சளின் பங்கு எவ்வளவு, வெறும் நாட்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று நான் படித்த படிப்பே சொல்லும். பதினான்கோடு ஒப்பிட்டால் முப்பத்தேழு தோல்வி மாதிரி தெரியும். நான் அதைச் சிவப்பு மையில் சுற்றினேன்.

பள்ளி திறந்த அன்று காலை லேபில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு போனேன். அவள் கிளம்பும்போது வீட்டிலிருந்த மர முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "வேணும்" என்றாள்.

சமையலறையில் அமைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைமை ஆசிரியையும் வாசலில் எட்டிப் பார்த்தார். அம்மா அடுப்பு மூட்டவில்லை. அண்டாவைத் தரையில் வைத்து, சோற்றுக்கான தண்ணீரைக் குடம் குடமாக அதில் ஊற்றினாள். வழக்கமாக அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். அமைப்பாளர் புருவத்தை உயர்த்தினார். அம்மா காலை அகட்டி வைத்து, முதுகை நேராக வைத்து, உட்கார்ந்து, இரண்டு காதுகளையும் பிடித்தாள். எழுந்தாள். தண்ணீர் விளிம்பில் தளும்பியது, வெளியே வரவில்லை. இரண்டடி நடந்து அடுப்பின் மேல் வைத்தாள். நான் மூச்சு விட்டேன். அவள் விட்டாளா என்று தெரியவில்லை.

"தூக்கறது பெரிசில்ல. வெந்த சோத்த எறக்கணும், அதான் பேச்சு" என்றார் அமைப்பாளர்.

"எறக்கறேங்க. தனியா எறக்க மாட்டேன்."

"என்னது?"

"இந்த அண்டாக்கு ரெண்டு காது. சமையலுக்கு ஒருத்தி, உதவிக்கு ஒருத்தின்னு ரெண்டு பேருக்கு சம்பளம் வருது. உதவிக்கு வர்ற பொண்ணு தெனமும் உங்க வூட்ல துணி தொவச்சிட்டு, சோறு எறங்கின பொறவு பதினோரு மணிக்கு வருது. பதினோரு வருசமா நான் ஒருத்தியே எறக்கினேன். தண்ணியோட தூக்கிக் காட்டினேன், எனக்குத் தெம்பு கீது. கொதிக்கறதோட வித்தை காட்ட மாட்டேன். அன்னிக்கு மடிஞ்சது என் கால் மட்டும் பண்ண தப்பு இல்ல."

தலைமை ஆசிரியை அமைப்பாளரைப் பார்த்து, "அந்தப் பொண்ணு இப்ப எங்க?" என்று கேட்டார். அமைப்பாளர் வெளியே போய், அவளைக் கூட்டிவர யாரையோ அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் அந்தப் பெண் ஈரக் கையோடு ஓடி வந்தாள். சோறு வெந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் துணியைச் சுற்றிப் பிடித்து, அம்மா எண்ண, இரண்டு பேரும் சேர்ந்து இறக்கினார்கள். அடுத்த மாதமும் பார்க்கலாம் என்று அமைப்பாளர் சொன்னார். தாராளமாகப் பாருங்கள் என்றாள் அம்மா.

பிறகு முக்காலியை அடுப்புக்கு எதிரே இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கத்தரிக்காயை நறுக்க ஆரம்பித்தாள். பதினோரு வருடத்தில் அந்தச் சமையலறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தால் முடியவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அதுவரை பயந்திருக்கிறாள்.

"வேலை நேரத்துல குந்திக்கினா?" என்றார் அமைப்பாளர்.

அம்மா நிமிரவில்லை. "குந்தினா கொழம்பு கொதிக்காதாங்க?" என்றாள். அடுத்த காயை எடுத்தாள்.